கீழ்க்கோட்டுக்கும் கீழே

என் அப்பா கோயிலுக்குப் போகாத நாள் உண்டு. பானட்டைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுத்த நாள் கிடையாது. வாடகைக்கு ஓட்டும் வெள்ளைக் கார். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஊர் ஊராக அழைத்துப் போவார். அமைதியைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தவர்களுக்கு வாரம் ஒரு ஊர் எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் கிளம்பும்போதெல்லாம் நான் அடி அண்ணாமலையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தை நல்லவள்தான். ஆனால் அவளுடைய பிள்ளைகள் நாலு பேரும் ஒரே பாயில் படுத்துக் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். எனக்குத் தனிப் பாய், விருந்தாளி மரியாதை. அந்த மரியாதை எனக்கு அடியோடு பிடிக்காது.

காலையில் பானட் திறந்திருக்கும் நேரம் மட்டும் அப்பா முழுசாக என்னுடையவர். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் பச்சை நிறத் தண்ணீராக, எஞ்சின் சூடேறாமல் காக்கும் கூலண்ட். டப்பாவின் மேல் இரண்டு கோடுகள். தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அளவு பார்த்துச் சொல்வது என் வேலை. அவருக்கென்ன, கண் தெரியாதா? ஆனாலும் தினமும் என்னைத்தான் கேட்பார்.

ஒருமுறை ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டுக் கூலண்ட் ஒழுகியபோது அப்பா இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தார். அதிலிருந்து என் ஒன்பது வயது மூளை ஒரு முடிவுக்கு வந்தது: பச்சைத் தண்ணீர் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் அப்பா ஊருக்குப் போக மாட்டார்.

அரைப் பரீட்சை லீவில் ஐந்து நாள் கொடைக்கானல் சவாரி வந்தது. முந்தின நாள் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போனார். பானட்டைத் திறந்து, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் டப்பாவிலிருந்து உறிஞ்சி உறிஞ்சிக் கொட்டாங்குச்சியில் விட்டேன். நூறு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. சலூனில் கூட்டமாக இருந்தது என் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் கேட்டார்.

"எங்க நிக்குதும்மா?"

"கீழ்க்கோட்டுக்கும் கீழப்பா."

அவர் குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. ஹோஸை விரலால் தடவினார், ஈரமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நேராகத் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"வண்டில கொஞ்சம் வேலை இருக்குங்க. வேற வண்டி அனுப்பறேன்" என்று போனில் சொன்னார்.

அந்த ஐந்து நாளும் அவர் வீட்டில் இருந்தார். கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டார். உப்பு ஜாஸ்தியாகச் சாம்பார் வைத்தார், நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் என் கையைப் பிடித்து, நகத்து இடுக்கு விடாமல் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"அந்தப் பச்சத் தண்ணி வெஷம்மா. தொடக் கூடாது" என்றார்.

சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து எனக்குப் புது ஃபில்லர் ஒன்று வாங்கி வந்தார். பழசை அவரே தூக்கிக் குப்பையில் போட்டார். நான் கேட்காமலேயே வாங்கி வந்திருக்கிறாரே என்று பூரித்துப் போனேன். அப்பாவை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

இப்போது சென்னையில் எனக்கென்று ஒரு கார் இருக்கிறது. அளவு பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. அப்பாவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்தபோது கூலண்ட் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. டிக்கியிலிருந்து கேனை எடுத்து ஊற்றி மூடினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கேனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் டிக்கியிலும் எப்போதும் ஒரு கேன் இருக்கும். அன்றைக்கும் இருந்தது.