சம்மட்டிகள் மட்டும் மிஞ்சிய படம்

"உங்க தெருவுக்கெல்லாம் என்னம்மா ஹிஸ்டரி இருக்கப் போகுது?" என்று கேட்டார் அந்த சார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு காலனி. அதன் பின்பக்கம், மூடிப்போன கல்குவாரிப் பள்ளத்தை ஒட்டி எங்கள் தெரு. காலனிச் சங்கத்தார் வெள்ளிவிழா மலர் போடுவதாகவும், 'நம்ம ஏரியாவின்' பழைய போட்டோ, ஆவணம் இருந்தால் தரலாம் என்றும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நம்ம ஏரியாவில் நாங்களும் உண்டு என்று நம்பிப் போனேன். மலர்க் குழுவின் தலைவர்தான் அந்த சார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். டிகிரியும் முடித்து தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். என்னிடம் அப்படிக் கேட்டால் விடுவேனா? "இருக்கு சார், கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருந்தது எதிர் வீட்டு அக்காவிடம். காலமான அவர் மாமனார் குவாரியில் மேஸ்திரியாக இருந்தவர். தெருவுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாமல் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாராம். பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்தவை ஆயுத பூஜைப் படங்கள். பூஜையன்று சம்மட்டி, உளியெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் பாறை முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஆண்கள் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மார்க்கெட் ஸ்டுடியோக்காரர் சைக்கிளில் வந்து படம் எடுப்பார். வருடத்துக்கு ஒரு படம்.

அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். முன்னால் நிற்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே வருகிறது. பின்னால் இருக்கும் குன்று வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே போகிறது. கடைசிப் படங்களில் குன்றே இல்லை. அது மறைத்திருந்த இடத்தில் காலனியின் மொட்டை மாடிகள் தெரிகின்றன. குன்று எங்கே போனது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளின் அஸ்திவாரத்தைத் தோண்டினால் கிடைக்கும்.

பெட்டியின் அடியில், நைலான் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கத்தைக் காகிதம் கிடந்தது. பிரித்துப் படித்தேன். பி மெமோ. அரசு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு வரும் நோட்டீஸ். ஒவ்வொன்றிலும் தெருக்காரர் ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், தேதி. கூடவே 'ஆக்கிரமிப்பு' என்ற சொல். எனக்கு முகமே சுட்டுவிட்டது.

"இன்னா கீது அதுல?" என்றார் அக்கா.

"நம்மள திருடங்க கணக்கா எழுதிக்கீறாங்க. இத வெளிய காட்டாதக்கா, மானம் போயிடும். ஒண்ணுத்துக்கும் உதவாது."

கத்தையைப் பழையபடி கட்டி அவரிடமே கொடுத்துவிட்டேன். படங்களில் நல்லதாக ஒன்றை, காலனி வருவதற்கு முன் எடுத்ததை, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தேன். என் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் நிற்கும் படம் அது. அம்மா கையில் ஜல்லி உடைக்கும் சின்னச் சுத்தி. நிற்பவர்கள் பெயரையெல்லாம் இடமிருந்து வலமாக எழுதி சாரிடம் கொடுத்தேன். "சூப்பர்மா!" என்றார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலனிப் பூங்காவில் மலர் வெளியீடு. அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். பாத்திரம் தேய்க்க அல்லாமல் அந்தக் காலனிக்குள் அவர் போனது அன்றுதான்.

மலரைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் எங்கள் படம். ஆனால் அதில் ஒரு ஆள்கூட இல்லை. தலைகளுக்கு மேலாக வெட்டியிருந்தார்கள். குன்று இருந்தது, வானம் இருந்தது, கீழ் ஓரத்தில் வரிசையாகச் சம்மட்டித் தலைகள் இருந்தன. அடியில் இப்படி ஒரு வரி: 'நம் காலனி உருவாகும் முன், மனித நடமாட்டமே இல்லாத பாறைக்காடு.'

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாங்க எங்கடி?" என்றார்.

நேராக சாரிடம் போனேன். மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் சம்மட்டிகள் தாமாகவா எழுந்து நின்றன என்று கேட்டேன்.

"லேஅவுட்ல அடங்கலம்மா. கடைசிப் பக்கத்துல உனக்கு தேங்க்ஸ் போட்டிருக்கோம், பாரு."

"இத்தனை பேரு இருந்தாங்களே சார்!"

"அவங்க வேலைக்கு வந்துட்டுப் போனவங்கம்மா. அங்கேயே குடியிருந்தாங்கன்னா அதுக்கு டாக்குமென்ட் இருக்கா? இருந்தா காட்டு, திருத்திடலாம்."

இருந்தது. தேதியோடு, பெயரோடு, அரசாங்க முத்திரையோடு இருந்தது. ஓட்டமும் நடையுமாக எதிர் வீட்டுக்குப் போய் அந்தக் கத்தையைக் கேட்டேன்.

"அதுவா? போகில போட்டு கொளுத்திட்டேனே!" என்றார் அக்கா. "நீதான ஒண்ணுத்துக்கும் உதவாதுன்ன? படிச்ச பொண்ணு, கரீட்டாதான் சொல்லும்னு போட்டுட்டேன். அத்தினி வருசமா மாமனார் கட்டிவச்சது. ஏன், வேணுமா?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். வெகுளியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் மேல் எனக்கிருக்கும் கோபம் ஒரு துளியும் குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆட்களைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, இருந்ததற்குச் சாட்சி கேட்பவரை என்னவென்று சொல்வது? ஆனால் அவர் வெட்டியதற்கு மூலப் படம் பத்திரமாக இருக்கிறது. நான் கொளுத்த வைத்ததற்கு ஒரு நகல்கூட இல்லை. நம்மைப் பற்றிப் பெருமையாக எழுதிய காகிதம்தான் சாட்சி சொல்லும், இழிவாக எழுதியது சொல்லாது என்று நினைத்தேனே, அந்தப் படிப்புக் கர்வம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

நோட்டீஸ் கொடுத்தவர்களிடம் பதிவேடு இருக்கும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். போன மாதம் அரைநாள் லீவு போட்டு, தாலுகா அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு கொடுத்துவிட்டேன். ஆக்கிரமிப்பாளர்கள் என்று நோட்டீஸ் பெற்ற இன்னின்னாரைப் பற்றிய பதிவுகளின் நகல் வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு பெயராக வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான்காவது பெயர் என் அப்பாவுடையது.