தரையில் விழுந்த நீலத் துண்டு

பியோன் சுன்ரேவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, துண்டை உதறும் சத்தம்தான் உயரும். இஞ்சோன் நகரத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மா கிதே நடத்தும் கார் மெருகுக் கடையில் இது எல்லோருக்கும் தெரியும். சுன்ரேவுக்கு ஐம்பத்தாறு வயது. கடையில் எல்லோருக்கும் அவள் சித்திதான். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவனுக்கும் வாய் வந்ததில்லை. நாளொன்றுக்கு இருநூறு மைக்ரோஃபைபர் துண்டுகளாவது அவள் கை வழியாகப் போகும்.

துண்டு துவைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவனை அவளிடம் அரை நாள் விட வேண்டும். கார் உடம்புக்கு நீலம், கண்ணாடிக்கு மஞ்சள், சக்கரத்துக்குச் சாம்பல். மூன்றையும் ஒரே தண்ணீரில் போடக் கூடாது. வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் திரவ சோப்பு, அவ்வளவுதான். வாசனையாக இருக்கட்டுமே என்று துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினால் இழை அடைத்துக்கொள்ளும். துண்டு ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சாது. உலர்த்தும் இயந்திரத்தில் சூடு ஏறினால் இழை நுனி உருகி முள்ளாகிவிடும். பருத்தித் துணியோடு சேர்த்துவிட்டால் பஞ்சு பொறுக்கியே பொழுது போய்விடும். புதுத் துண்டு வந்ததும் ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டை வெட்டி எறிவாள், அதுவே பெயிண்டைக் கீறிவிடும் என்று. சந்தேகமான துண்டை ஒரு பழைய சிடியின் பளபளப்பில் தேய்த்துப் பார்ப்பாள். ஒரு கோடு விழுந்தாலும் அது சக்கரத்துக்குத்தான். தரையில் விழுந்த நீலத் துண்டுக்கும் அதே கதி.

இதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு பொதுக் குளியலகத்தில் துண்டு துவைத்தாள். அங்கே குளிக்க வந்த ஒருத்தியின் மோதிரம் காணாமல் போனது. நிர்வாகி சொன்னான் என்பதற்காக, எடுக்காத மோதிரத்துக்கு இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் மோதிரம் அந்தப் பெண்ணின் பைக்குள்ளேயே கிடைத்தது. சுன்ரேவிடம் யாரும் திரும்ப மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கே வேலையை விட்டாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எப்படி அடங்கும்?

ஏப்ரல் கடைசி. பைன் மகரந்தம் விழுந்து ஊரில் உள்ள கார்களெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தன. கடையில் மூச்சுவிட நேரமில்லை. பல் மருத்துவர் ஒருத்தியின் கறுப்புக் காரை இரண்டு நாள் மெருகேற்றி, கடைசித் துடைப்பை முதலாளியே துடைத்துக்கொண்டிருந்தார். துண்டு கைநழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார், தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார், மறுபடி பானெட்டில் வைத்துத் தேய்த்தார். துவைக்கும் அறை வாசலிலிருந்து சுன்ரே அதைப் பார்த்துவிட்டாள். வேறு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவசரம் என்று சொல்லி முதலாளி அவள் கையை விலக்கிவிட்டார்.

மதியம் மருத்துவர் வந்து காரை வெயிலுக்கு எடுத்தாள். பானெட்டில் மெல்லிய கீறல்கள், மீன்முள் போல. மா கிதே கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துவைக்கிறவள் கண்ட திரவத்தையும் ஊற்றியிருப்பாள் என்று சொல்லி, உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்.

“சித்தி, டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க. துவைக்கிறதுல ஏதோ தப்பு நடந்துபோச்சு.”

சுன்ரே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுத்தால் வேலை போகும். கேட்டால், வேலை தெரியாதவள் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். வேலை போனால் வேறு கிடைக்கும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

“எந்தத் துண்டு முதலாளி?”

அவர் பின்பாக்கெட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். “இதுதான். நீங்க துவைச்சது.”

“நான் கொடுத்தபடியே இருக்கா?”

“அப்படியேதான் இருக்கு.”

கடையோரம் முதலாளியின் சொந்தக் கார் நின்றது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுன்ரே நேராகப் போய் அதன் பானெட்டில் துண்டை வைத்தாள்.

“அப்படின்னா உங்க வண்டியையும் ஒரு துடை துடைச்சுடுறேன்.”

கை நகர்வதற்குள் மா கிதே பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் சித்தி, அதுல மண்ணு இருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மருத்துவர் துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் காது சிவந்துபோயிற்று. துண்டு கீழே விழுந்ததை ஒப்புக்கொண்டு, காசில்லாமல் மறுபடி மெருகேற்றித் தருவதாகச் சொல்லி, நெற்றி முழங்காலைத் தொடும்படி அவளுக்கு இரண்டு முறை குனிந்தார். பிறகு சுன்ரே பக்கம் திரும்பி, சாப்பாடு ஆறிவிடும், உள்ளே போங்கள் என்றார். அவ்வளவுதான், அவளுக்கு அவரிடம் இருந்த மிச்சச் சொல் அது ஒன்றுதான்.

அவள் போகவில்லை.

“எங்கிட்டயும் மன்னிப்புக் கேளுங்க. டாக்டரம்மா இருக்கும்போதே கேளுங்க.”

மெருகு போட்டுக்கொண்டிருந்த வேலையாட்கள் இரண்டு பேரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மா கிதே சுற்றுமுற்றும் பார்த்தார். கழுத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, மன்னித்துக்கொள்ளச் சொல்லி முணுமுணுத்தார்.

சுன்ரே அந்தத் துண்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டரம்மாவுக்குக் குனிஞ்சதுல இது பாதிகூட இல்ல முதலாளி,” என்றாள். “இன்னும் குனிங்க.”