சேலைத் திரைக்கு மேலே உயர்ந்த போன்

இதுவரை வாய் மூடி இருந்தது போதும். சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

சென்ற ஆடியில் நான் போனது அருவியில் குளிக்க அல்ல, அக்காவின் கணவர், என் அத்தானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு. சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

"ரிசார்ட்டுக்கா அண்ணாச்சி? வெள்ளக்காரங்களுக்கு எண்ணெ தேய்ச்சு நல்லாக் கவனிக்காவ" என்றார் ஓட்டுநர்.

"எனக்கு?"

"ஒங்கள வாசல்ல செக்யூரிட்டி கவனிப்பான்."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தவர்களில் பலர் ரிசார்ட்டுக்குள் போய்விட்டார்கள். பிழைப்பு, அதைக் குறை சொல்லவில்லை.

காரியம் ஆற்றுத்துறையில் நடந்தது. அக்கா தாலியைக் கழற்றி, தண்ணீரில் முங்கி எழும்வரை பெண்கள் சுற்றி நின்று சேலையைத் திரையாகப் பிடிப்பது எங்கள் வழக்கம். ஆண்கள் பார்க்கக் கூடாது. நாங்கள் மேட்டில் முதுகைத் திருப்பி நின்றோம். பாதையில் காவலுக்குச் சித்தப்பா மகன். ரிசார்ட்டில் வழிகாட்டியாக இருக்கிறான், நாலு பாஷை பேசுவான்.

"ஏலே, ஒருத்தரையும் விடாதலே" என்றாள் மதினி, என் அண்ணன் மனைவி.

"நான் நிக்குதேன்லா மதினி. ஈ, எறும்பு வராது."

வந்தது ஈயில்லை, பத்து வெளிநாட்டுக்காரர்கள். அவர்களை முன்பே வரச் சொல்லி, பாதையிலிருந்து கூட்டி வந்ததே அவன்தான். படம் எடுத்தால் இங்கே எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். கேமராவை இறக்கிவிட்டு எங்களைப் போலவே திரும்பி நின்றாள். மற்றவர்களும் திரும்பினார்கள். வழக்கம் தெரியாதவர்கள் திரும்பினார்கள். தெரிந்தவன் எங்களைத் தாண்டித் துறையில் இறங்கி, சேலைக்கு மேலே போனை உயர்த்தினான்.

"என்னலே செய்யுத?" என்று கத்தினேன்.

"கோவப்படாதிய அண்ணே. மொகம் தெரியாது."

தெரிந்தது. அன்று மாலையே ரிசார்ட்டின் இணையப் பக்கத்தில் 'பழந்தமிழர் நீர்ச்சடங்கு' என்ற தலைப்பில் அக்கா, ஈரத் தலையும் வெறுங்கழுத்துமாக. படத்தை நீக்கச் சொல்லி அவனிடம் பலமுறை கேட்டுவிட்டேன். நல்ல வரவேற்பு இருக்கிறதாம்.

அவன் கல்யாணத்தில் என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது. காவல் நிற்கச் சொன்ன வீட்டையே அவன் காட்சிக்கு வைத்தான்.

"என் மொகம் தெரியுதாடே?" என்று அக்கா போனில் கேட்கிறாள். கடைத்தெருவுக்குக்கூட அவள் போவதில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளம் என்றால் அருவியில் தடை போடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 'கிராமத்துச் சடங்கு காட்டுகிறோம்' என்று எவனாவது கூப்பிட்டால் போகாதீர்கள். ஆற்றங்கரையில் பெண்கள் சேலை பிடித்து நின்றால், அந்த வெளிநாட்டுப் பெண்ணைப் போலத் திரும்பி நில்லுங்கள்.

இதன் அடியில் என் பெயரை எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். பயத்தால் அல்ல. என் பெயரைப் பார்த்தால் படத்தில் இருப்பது யாருடைய அக்கா என்று ஊரே சொல்லிவிடும். அந்தப் படத்தில் இன்னும் இல்லாதது அவள் பெயர் ஒன்றுதான்.