அம்மா கேட்ட பிரசங்கங்கள்

எங்கள் அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகின்றது. இந்த நினைவு மலரில் அம்மாவின் நற்குணங்களை மட்டும் எழுதும்படி கனடாவிலிருந்து தம்பி சொன்னான். எழுதிப் பார்த்தேன்; இரண்டு முறை கிழித்துப் போட்டேன். என் பிழையைச் சொல்லாமல் அம்மாவின் விசுவாசத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. வாசிக்கும் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணம் குருநகரில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவைக் கைப்பிடித்து, பத்தொன்பது வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். எனக்குப் பதினொரு வயதும் தம்பிக்கு ஏழு வயதுமாக இருந்தபோது அப்பா மாரடைப்பால் காலமானார். அதன் பிறகு அம்மா ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். எத்தனை களைப்பு என்றாலும் ஞாயிறு காலையில் பூசைக்குப் போய், பூசை முடிந்ததும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தார்.

நான் உயர்தரம் படித்த காலத்தில் அந்த வகுப்பு தேயத் தொடங்கியது. நாற்பது பிள்ளைகள் வந்த இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் அடுத்த தெருவில் ஞாயிறு காலை டியூஷனுக்குப் போய்விட்டார்கள். அம்மா அந்த டியூஷன் ஆசிரியரைத் தேடிப் போனார்.

"மிஸ், என்னில பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமையை விட்டால் வகுப்பு வைக்க எனக்கு ஹோல் கிடைக்காது. தாய்மார்தான் வந்து கேக்கினம்" என்றார் அவர்.

"சரி சேர், உங்கட இடைவேளை எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"எனக்கு அது காணும்."

அடுத்த ஞாயிறு முதல் அந்த டியூஷன் கட்டடத்தின் படிக்கட்டில், இடைவேளை மணி அடித்ததும் அம்மாவின் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் மறைக்கல்விப் புத்தகமுமாக இருப்பார்கள். சிங்களக் காவலாளி ஒருவர், "மிஸ், வாடி வென்ன" என்று, இருக்கச் சொல்லித் தன் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வைப்பார். ஒருவரும் வராத நாட்களும் இருந்தன. அப்போது அம்மா அதே கதிரையில் தனியே இருந்து செபமாலை சொல்லிவிட்டு எழும்பி வருவார். இப்படியே ஒன்பது வருடங்கள். நான் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரசாயனம் படித்தேன். இடைவேளையில் சிநேகிதிகளோடு மறுபக்கப் படியால் இறங்கிப் போய்விடுவேன்.

வேலை கிடைத்து, திருமணமாகி, அது நிலைக்காமற்போய், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் நான் தனியே இருந்த காலத்தில் கோயில் என் வாழ்க்கையிலிருந்து மெல்ல நழுவியது. எனக்கு யாரோடும் கோபமில்லை. ஞாயிறு நித்திரைக்கும், கடைகளுக்கும், ஃபோனுக்கும் உரிய நாளாகிவிட்டது, அவ்வளவுதான். அம்மா ஒருநாளும் என்னை ஏசியதில்லை. கிழமை தவறாமல் ஃபோனில், "இண்டைக்குப் பூசையில உனக்காகவும் கேட்டனான்" என்பார். "சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

பின்னர் அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. என்னோடு வந்து தங்கினார். டயலிசிஸுக்குப் புதனும் ஞாயிறு காலையும்தான் இடம் கிடைத்தது. அந்தச் செய்தியை நான் சொன்னபோது, நோயைக் கேட்டு அழாத அம்மா அழுதார். சனி மாலைப் பூசைக்குப் போகவும் உடம்பில் பலம் இருக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மெஷினில என்னை விட்டால் நாலு மணித்தியாலம் உனக்கு வேலையில்லைத்தானே. எங்கட கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய், ஃபாதர் பிரசங்கத்தில என்ன சொன்னவர் எண்டு கேட்டுவந்து எனக்குச் சொல்லுவியோ?"

"ஓம் அம்மா" என்றேன்.

நான் போகவில்லை. காலி வீதியில் ஒரு கோப்பிக் கடையில் குளிரூட்டியின் கீழ் இருந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தேன். புறப்பட அரைமணி இருக்கும்போது அன்றைய நற்செய்தி வாசகத்தை அதே ஃபோனில் தேடி எடுத்து, நானே ஒரு பிரசங்கத்தைக் கட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில், ஐஸ்கட்டித் துண்டொன்றை வாயில் வைத்துக்கொண்டு அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு என்ன, பிள்ளைகள் வந்தவையோ என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். பதினொரு ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒருநாள், "ஃபாதருக்குத் தடிமன், இருமி இருமித்தான் பிரசங்கம் வைச்சவர்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தக் கிழமை, மாதத்தின் முதல் வெள்ளியன்று, கொட்டாஞ்சேனைப் பங்குத்தந்தை அம்மாவுக்கு நற்கருணை கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா அவரிடம், "போன ஞாயிறு பிரசங்கத்தை இவ வந்து சொன்னவ, ஃபாதர். கேட்க ஆறுதலாயிருந்தது" என்றார். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சந்தோசம் அம்மா" என்றார். லிஃப்ட் வரைக்கும் நான் கூடப் போனேன்.

"மகள், போன ஞாயிறு நான் நுவரெலியாவில தியானத்தில நிண்டனான். வேற ஃபாதர்தான் இங்க பூசை வைச்சவர்" என்றார் மெதுவாக. "அம்மாவுக்கு அது தெரியும். போகமுதல் நான் ஃபோன் பண்ணிச் சொன்னனான்."

உள்ளே வந்து அம்மாவின் கட்டிலருகில் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லுறது ஃபாதர் சொல்லுறதை விட நல்லாத்தான் இருக்குது, பிள்ளை. ஒருநாளைக்குப் போயும் கேட்டிட்டு வந்து சொல்லு."

அடுத்த ஞாயிறு போனேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வாசற்படியில் ஏறினேன். உண்மையைச் சொன்னால் அன்றைய பிரசங்கம் அவ்வளவு சிறப்பில்லை. ஒலிவாங்கி கரகரத்தது. பாதி நேரம் கூரைத் திருத்தம் பற்றிய அறிவித்தல். ஆனாலும் ஒரு சொல் தவறாமல் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பங்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஃபோனை அணைத்து வைத்திருந்தேன்.

வெளியே வந்து ஃபோனைப் போட்டபோது வார்டிலிருந்து ஏழு முறை அழைத்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடிவிட்டார்கள். மெஷினில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம்.

போகவேண்டிய ஞாயிறுகளில் நான் போகவில்லை. அருகில் இருக்கவேண்டிய ஞாயிறில் அருகில் இல்லை. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடவுளிடமே கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

அன்று கடமையில் இருந்த சிங்களத் தாதி, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு ஒன்று சொன்னார். "அம்மா மகளைக் கேட்டாங்க. நாங்க ஃபோன் எடுத்தது, ஆஃப். அம்மாகிட்ட சொன்னோம். அம்மா கோவம் இல்ல, சிரிச்சாங்க. 'ஆஃப் எண்டா கோயில்லதான்' சொன்னாங்க."

அம்மாவின் நோய்க்காலத்தில் உடனிருந்த அந்தத் தாதிக்கும் வைத்தியர்களுக்கும், என்னைத் தலைகுனிய வைக்காமல் திருத்திய பங்குத்தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த கொட்டாஞ்சேனை அயலவர்களுக்கும், முப்பத்தோராம் நாள்வரை எங்கள் அடுப்பு எரியாமல் உணவு தந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியின் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கும், தொலைவிலிருந்து செபித்த அனைவருக்கும் தம்பியும் நானும் நெஞ்சார்ந்த நன்றி சொல்கிறோம்.

இப்போது ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். அம்மாவின் விசுவாசம் எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போகிறேன், கவனமாகக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போது, கேட்டதெல்லாம் வாய்வரை வந்து நிற்கின்றது. கேட்பதற்கு உள்ளே எவரும் இல்லை.