தட்டாமல் திறக்காத கதவு

பூட்டிய பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார் டீச்சர். சாவி அவர் கையில்தான் இருக்கிறது, உள்ளே ஈ காக்கை கிடையாது. ஆனாலும் விரலை மடக்கி மெல்ல ஒரு தட்டு, சற்றே காத்திருப்பு, பிறகுதான் பூட்டைத் திறப்பார். தலைமை ஆசிரியையின் இந்த வேடிக்கை தெருவுக்குப் பழகிவிட்டது.

ஊரின் தொடக்கப் பள்ளி ஒரு தையல்காரர் வீட்டு முன்னறையில் ஆரம்பித்தது. பின்னறையில் அவர் மனைவி நோயில் படுத்திருந்தார். பிள்ளைகள் மெதுவாகத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டு, அந்த அம்மாள் "வாங்க" என்ற பிறகே உள்ளே போவார்களாம். அம்மாள் போய்ச்சேர்ந்தார், தையல்காரர் வீட்டைப் பள்ளிக்கே எழுதிவைத்தார், ஓடு போய்க் கான்கிரீட் வந்தது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

இந்த வரலாற்றை யார் அகப்பட்டாலும் டீச்சர் சொல்லாமல் விடமாட்டார். நான் பலமுறை அகப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தையல்காரரின் மீசை கொஞ்சம் வளர்ந்திருக்கும். கேட்டால், "கொஞ்சம் ஏத்திச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்பார். தட்டுவதில்தான் மென்மை, பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

போன வாரம் பள்ளிக்கே ஆபத்து வந்தது. பிள்ளைகள் குறைவு, கடைத்தெருப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. முடிவு செய்ய ஓர் அதிகாரி வருவதாகத் தகவல். என் மகள் அங்கே படிக்கிறாள். விசாரிக்கப் போனேன். "ஏன் தம்பி மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க? வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் டீச்சர்.

அதிகாரி வந்த அன்று, மகள் மறந்துபோன சாப்பாட்டைக் கொடுக்கப் போய், நானும் வகுப்பறையில் இருந்தேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று நுழைந்தார். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"சார், மூடுறதா இருந்தாலும் தட்டிட்டு வந்து மூடுங்க."

அதிகாரியை வாசல்வரை அழைத்துப்போய் வெளியே விட்டு, கதவைச் சாத்தினார். கெட்டது குடி என்று நினைத்தேன்.

டம் டம் என்று கதவு அதிர்ந்தது.

"மெதுவா சார்" என்றார் டீச்சர். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "உள்ள ஒருத்தங்க உடம்பு முடியாம படுத்திருக்காங்க."

பிறகு, விரல் மடக்கி மெல்ல ஒரு தட்டு.

"வரலாமா?"

அவர் உட்கார, டீச்சர் தன் நாற்காலியைப் பிள்ளைகளுக்கு நடுவே இழுத்துப் போட்டார். பிறகு, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல அவர்கள் பக்கம் கையை விரித்தார்.