முன்னால் வந்த இனிஷியல்

பிளெய்ன்ஸ்பரோவில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதுவது என் பொறுப்பு. பென்சிலில்தான் எழுதுவேன். முதலில் பெயர், பின்னால் இனிஷியல். அமெரிக்கா வந்ததும் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

அந்த வசந்தத்தில் பள்ளியில் யாராவது ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார்கள். அப்பாவிடம் இருந்த பழைய புத்தகத்திலிருந்து, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஓர் இங்கிலாந்து கவுண்டி அணிக்கு ஆடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பதினோரு பருவங்கள் ஆடியும் ஒரு சதம்கூட இல்லை. ஆனாலும் கடைசி மூன்று பருவங்கள் அவர்தான் கேப்டன். எப்படி என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அவரு அமெச்சூர்மா. சம்பளம் வாங்காம ஆடறவரு. அப்போ அவங்களுக்குத்தான் மரியாதை. கிரவுண்டுக்கு வர்ற கேட்டே தனி. ஸ்கோர்கார்டுல அவங்க இனிஷியல் பேருக்கு முன்னாடி வரும், சம்பளக்காரங்களுக்குப் பின்னாடி."

அப்போது அப்பா ஐந்து வாரமாக வீட்டில் இருந்தார். 'பெஞ்ச்ல இருக்கேன்' என்பார். அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை கம்பெனி சம்பளம் தராது என்று அம்மா போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. விசா போய்விடும் என்றும் ஏதோ சொன்னாள். அப்பாவின் பர்ஸில் இருக்கும் கார்டு என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குச் சம்பளம் இல்லை என்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறு அப்பாவின் இனிஷியலை மட்டும் முன்னால் எழுதினேன்.

அணியின் கேப்டன் அங்கிள் ஸ்கோர் நோட்டைப் பார்த்தார். "என்னம்மா, அப்பாவுக்கு மட்டும் ஊர்ல போடற மாதிரி போட்டிருக்க?"

"ஹி இஸ் அன் அமெச்சூர், அங்கிள். நோ சேலரி நவ்."

அங்கிள் சிரிக்கவில்லை. அப்பா அவுட்டாகி வந்ததும், "எத்தனை வாரமா சார் பெஞ்ச்ல?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "அஞ்சு."

"அஞ்சு வாரமா பக்கத்துல ஃபீல்டிங் நிக்கறீங்க, வாயத் தொறக்கல. அவ்ளோ ஈஸி கேட்ச விட்டப்பவே டவுட் வந்துச்சு. ரெஸ்யூமே இன்னிக்கே அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல ஆள் தேடறாங்க."

ஒன்பதாம் நாள் ப்ராஜெக்ட் கிடைத்தது. அடுத்து வந்த ஞாயிறு, நான் எழுதியதை அப்பாவே ரப்பரால் அழித்து இனிஷியலைப் பின்னால் தள்ளினார். அழித்த தடம் அந்த நோட்டில் இன்றும் தெரிகிறது. இனி கேப்டனாக முடியாதே என்று அவருக்காக வருந்தினேன்.

வீட்டில் இன்னொரு ஏமாற்றம் காத்திருந்தது. ஐந்து வாரத்துக்கும் மேலாக ஹாலில் நின்றிருந்த இரண்டு பெரிய பெட்டிகளை அம்மா மறுபடி க்ளோசெட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அழுதுகொண்டே கேட்டேன், போகவில்லையா என்று.

"போகலடி," என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து இன்னொரு முறை, "போகல."

நான் அழுதுகொண்டிருக்க, அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நெடுநேரம் சிரித்தார்கள். இவ்வளவு கல்நெஞ்சக்காரர்களா என் அப்பாவும் அம்மாவும் என்று அன்றைக்கு டைரியில் எழுதி வைத்தேன்.