வளாகத்துக்கு நல்ல வலை தேவை

எங்கள் வளாகக் கணினிக்கூடத்தில் முப்பது கணினிகள் இருந்தன. இணையம் ஒன்றுக்குத்தான் வரும், அதுவும் மனம் வைத்தால். பொறுத்துப் பார்த்துவிட்டு, மாணவர்கள் நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல இணைப்பு எடுப்பதென்று முடிவெடுத்தோம். பங்களித்தவருக்கு மட்டும் கடவுச்சொல். பெற்றோருக்குக் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் தமிழைத் தமிழாக எழுத வேண்டும் என்று அடம்பிடிக்கிறவள். 'இன்டர்நெட்' என்று எழுதினால் கை அழுகிவிடுமா? எனக்கு அப்படித்தான் நினைப்பு. 'வளாகத்துக்கு நல்ல வலை தேவைப்படுகிறது' என்று எழுதினேன். மீதியைக் கோயில் திருவிழாக் கடிதத்தைப் பார்த்துக் கொப்பியடித்தேன். அதனால் கடைசியில், 'பங்களிப்புகள் பணமாகவோ பொருளாகவோ நன்றியுடன் ஏற்கப்படும்' என்றும் சேர்ந்துவிட்டது.

அடம்பன் ஊர்ப் பிள்ளைகளின் அப்பாமார் வயல்காரர். கேள்வி கேட்காமல் காசு கொடுத்தனுப்பினார்கள். என் அப்பா கடலுக்குப் போகிறவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"வளாகத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை வலை?"

"எல்லாம் அதிலை எழுதிக் கிடக்கு, அப்பா." விளக்கம் சொல்கிற பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது.

"சரி, வெள்ளிக்கிழமை நானே கொண்டுவாறன்."

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் இறுதி ஒப்படைக் கட்டுரையை இணையத்தில் அனுப்ப வேண்டும். தவறினால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அப்பாவின் பங்கு வந்தால்தான் எனக்குக் கடவுச்சொல். மூன்றரைக்கு அப்பா வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோளில் ஒரு முழு வலையோடு உள்ளே வந்தார்.

கூடமே சிரித்தது. "ஆரின்ரை அப்பா இது?" என்று பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். நான் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை.

எழுந்தேன். "என்ரை அப்பா."

கணினிக்கூடப் பொறுப்பாளர் அப்பாவிடமிருந்து கடிதத்தை வாங்கி வாசித்தார். "பொருளாகவோ எண்டுதான் கிடக்கு. இதை எழுதினது ஆர்?"

"நான்தான், சேர்."

"அப்ப ஐயாவிலை பிழையில்லை."

"பழைய வலைதானே, அப்பா?" என்று மெல்லக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளையின்ரை படிப்புக்குப் பழசைக் குடுக்கிறதோ? போன கிழமைதான் வாங்கினது. பழசோடை நான் சமாளிப்பன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொறுப்பாளர் என் பெயருக்கு நேரே 'வலை, கிடைத்தது' என்று எழுதிவிட்டுக் கடவுச்சொல்லைத் தந்தார். "ஐயா, எங்களுக்கு இங்கை வைக்க இடமில்லை. எங்கடை வலையை நீங்களே கடலிலை பாவியுங்கோ" என்றார்.

ஒப்படை பாதி போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "ஐயோ, நெட் அறுந்துபோச்சு!"

அப்பா பதறிப்போனார். சட்டைப்பையிலிருந்து வலை ஊசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "எங்கை அறுந்தது? காட்டுங்கோ பிள்ளையள், பொத்தித் தாறன்!"

பொறுப்பாளர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தபடியே அனுப்பும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். நான்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இணைப்பு மீண்டும் வந்தது. ஒப்படை போய்ச் சேர்ந்தது.

"போயிட்டுதோ, பிள்ளை?" என்றார் அப்பா, ஊசியைப் பிடித்தபடி.

"ஓம் அப்பா, உங்கடை வலையிலைதான் போனது" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.